ஃபேன் எரரை மட்டும் ஏன் அணைக்கவில்லை

வேலையை விட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகும் பழைய கடையிலிருந்து அவ்வப்போது போன் வரும். போன மாதம் வந்த போன் கொஞ்சம் குற்றச்சாட்டு மாதிரி இருந்தது. இப்போது அங்கே சர்வீஸ் பார்க்கிறவர் கேட்டார்.

"பாய், நீங்க கைவச்ச பழைய மிஷின் நாலஞ்சு இப்ப கழிவுக்கு வந்திருக்கு. எல்லாத்துலயும் ஸ்டார்ட்டிங் எரரை ஆஃப் பண்ணி வச்சிருக்கீக. ஃபேன் எரர் மட்டும் ஆன்லயே கெடக்கு. மறந்துட்டீகளா?"

மறக்கவில்லை என்றேன். அப்புறம் ஏன் என்றார். போனில் சொன்னால் சரியாக வராது, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன நிமிடத்திலிருந்து அதுவும் ஒரு கவலையாகிவிட்டது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும்.

விருதுநகரில் எங்கள் அத்தாவுக்கு மிளகாய் வத்தல் மண்டியில் வேலை. வத்தல் நெடி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ரேடியோ ரிப்பேர் கடையில் விட்டார்கள். ரேடியோ, டேப், டிவி என்று இருபது வருடத்துக்கு மேல் ஓடியது. கடை முதலாளி பாத்திர வியாபாரத்துக்கு மாறிவிட்டதால் செல்வராணி டீச்சரிடம் வந்து சேர்ந்தேன். அப்போது எனக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. டீச்சர் என்னைவிட வயதில் சின்னவர். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தவர், மெஷின்களை ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டு கம்ப்யூட்டர் விற்பனையும் சர்வீஸும் ஆரம்பித்திருந்தார். 2000க்குப் பிறகு ஊரில் ஆளாளுக்கு கம்ப்யூட்டர் வாங்கத் தொடங்கிய நேரம் அது. புதியது வாங்க முடியாதவர்கள் சென்னையில் பெரிய கம்பெனிகள் கழித்துக்கட்டிய பழைய மெஷின்களை வாங்கினார்கள். என் வேலையில் பாதி அந்த மெஷின்கள்தான்.

டீச்சருக்கு ஒரு முறை உண்டு. கம்ப்யூட்டர் வந்தால் யாரும் உடனே தொடக்கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை உரக்கப் படிக்க வேண்டும். இங்கிலீஷ் தெரியாத எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். கஸ்டமர் வாட்சைப் பார்ப்பார். டீச்சர் கஸ்டமரைப் பார்ப்பார். படித்து முடித்த பிறகு, "இது நெசமா, பொய்யா, தேவையில்லாததா?" என்று கேட்பார். பதில் சொன்ன பிறகுதான் ஸ்க்ரூடிரைவரைக் கொடுப்பார். குரலை உயர்த்த மாட்டார். பதில் தப்பாக இருந்தால் அதே கேள்வியை அதே குரலில் திரும்பக் கேட்பார். திட்டியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

எரர் என்று சொல்கிறேனே, அது என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் அது தன் கைகால் எல்லாம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும். கீபோர்டு இருக்கிறதா, ஃபேன் சுற்றுகிறதா, ஃபிளாப்பி டிரைவ் இருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்கும். ஏதாவது ஒன்று இல்லை என்று பட்டால் அங்கேயே நின்றுவிடும். என்ன இல்லையோ அதைத் திரையில் எழுதிவிட்டு, எஃப் ஒன் பட்டனை அமுக்கினால் மேலே போகிறேன் என்று காத்திருக்கும். எல்லா ஊரிலும் எல்லாரும் எஃப் ஒன்னை அமுக்கிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தரும் படிப்பதில்லை.

அதைப் படித்த ஒரே ஒரு ஆளை வெம்பக்கோட்டைக்குப் போகும் வழியில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில்தான் பார்த்தேன்.

அங்கிருந்து போன் வந்தது, கம்ப்யூட்டர் சரியில்லை என்று. பஸ்ஸைப் பிடித்துப் போய் இறங்கினேன். கேட்டில் வாட்ச்மேன் தீப்பெட்டி இருக்கா, செல்போன் இருக்கா என்று தடவிப் பார்த்து, செல்லை வாங்கி வைத்துக்கொண்டார். ஆபீஸ் ரூம் கேட்டை ஒட்டியே இருந்தது. பட்டாசு மருந்து ரூம்கள் எல்லாம் உள்வேலிக்கு அந்தப்பக்கம், தள்ளித்தள்ளி. ஆபீஸில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் வெளியே தண்ணீர்த் தொட்டி பக்கம் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் ஆட்கள் கூட்டமாக வெளியே நின்றால் அதற்கு ஒரு அர்த்தம்தான் உண்டு.

"என்னாச்சு?" என்றேன்.

"ஒண்ணும் ஆகல. கம்ப்யூட்டர் ஏதோ சொல்லுது. மெயினை ஆஃப் பண்ணிட்டு வெளிய வந்துட்டோம்," என்றார் ஒரு அம்மா.

அவர்தான் காளீஸ்வரி. கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர். பதினைந்து வருடம் மருந்து செலுத்தும் ரூமில் இருந்தவர். ஒரு விபத்தில் இடது கை வெந்து, இரண்டு விரல் மடங்காமல் போயிருந்தது. அதன் பிறகு முதலாளி அவரை ஆபீஸில் உட்கார வைத்திருந்தார். சம்பளக் கணக்கும் லோடு பில்லும் போட ஒற்றைக் கையாலேயே பழகியிருந்தார். மருந்து ரூமில் அவருக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். வழக்கத்துக்கு மாறாக எதையாவது பார்த்தால் தொடாதே, எழுந்து வெளியே போ, போர்மேனிடம் சொல். ஆபீஸிலும் அவர் அதையே செய்தார். கம்ப்யூட்டர் எரர் காட்டியதும் மெயினை இறக்கி, எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

முதலாளி கசகசவென்று வேர்த்துப்போய் வந்தார். பக்கத்தில் அவர் மச்சினன். முன்பு இருந்த கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்று, இந்தப் பழைய மெஷினை அந்த வாரம்தான் சென்னையிலிருந்து அந்த மச்சினன் வாங்கி வந்திருந்தார். லாரியில் வரும்போது பழைய பெட்டி நசுங்கிவிட்டதால், உள்ளே இருந்த போர்டைக் கழற்றி லோக்கல் பெட்டி ஒன்றில் மாட்டியிருந்தார்கள்.

"பாய், இதைப் போட்டா ஒவ்வொரு தடவையும் ஏதாச்சும் சொல்லுது," என்றார் முதலாளி. "இவ ஒவ்வொரு தடவையும் ஆபீஸையே காலி பண்ணுதா. நேத்து ஆடிட்டர் வந்திருந்தாரு. அவரையும் வெயில்ல நிக்க வச்சுட்டா."

"அவர் செருப்பைக்கூட போடவிடல," என்றார் மச்சினன்.

"செருப்பு போட நின்னா நேரமாகும்," என்றார் காளீஸ்வரி.

"கேட்டீகளா? இதோட வாயை அடைச்சுக் குடுங்க பாய். இல்லேன்னா மச்சினன் ஒரு டிகிரி முடிச்ச ஆளைச் சொல்லுதான், அவனைப் போட்டுருவேன். இவ பழைய ரூமுக்கே போகட்டும்."

பழைய ரூம் என்றால் மருந்து ரூம். முதலாளி கெட்டவர் இல்லை, அவருக்கு ஆபீஸ் நடக்க வேண்டும். காளீஸ்வரி வெந்த கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டார். கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்தவன் ஒரு மனுஷியின் பிழைப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் கீழே வைக்கச் சொன்னார். வைக்கவில்லை.

கடையில் போட்டோம். டீச்சர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு படித்தேன். முதலில் ஃபிளாப்பி டிரைவ் இல்லை என்றது.

"நெசமா, பொய்யா?"

"நெசம் டீச்சர். டிரைவ் மாட்டவே இல்ல. அவுகளுக்குத் தேவையும் இல்ல."

"அப்ப தேவையில்லாதது. அடுத்தது?"

அடுத்தது, பெட்டியின் முன்பக்க வயர்களைக் காணோம் என்றது. கம்பெனி மெஷின்களில் இது ஒரு தொல்லை. அந்தந்தப் பெட்டிக்கென்றே ஒரு வயர் இருக்கும். அதில் இரண்டு கம்பிகளை உள்ளுக்குள் சேர்த்துவைத்திருப்பார்கள். அந்தச் சேர்க்கை இருந்தால்தான் போர்டு தன் வீட்டில் இருப்பதாக நம்பும். லோக்கல் பெட்டியில் அது இருக்காது. முன்பக்கம் எல்லாம் வேலை செய்தாலும் போர்டு நம்பாது. "பொய்," என்றேன். பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றிலிருந்து ஜம்பர் என்கிற நகத்தளவு இணைப்பு மூடியை எடுத்து, போர்டில் அந்தக் கம்பிகள் வந்து சேர வேண்டிய இரண்டு ஊசிகளிலும் மாட்டினேன். நம்பிவிட்டது.

மூன்றாவது, பெட்டி ஃபேன் சுற்றவில்லை என்றது. ஃபேன் நன்றாகவே சுற்றிக்கொண்டிருந்தது. லோக்கல் ஃபேனுக்கு இரண்டு வயர், கரண்டுக்கு மட்டும். சுற்றுகிறேன் என்று போர்டுக்குச் சொல்ல மூன்றாவது வயர் ஒன்று வேண்டும், அது இல்லை.

"இதுவும் பொய்தான் டீச்சர். செட்டிங்ல போயி எந்த எரருக்கும் நிக்காதேன்னு ஒரே இடத்துல மாத்திட்டா, மூணும் போயிரும். வாயை அடைச்ச மாதிரி."

டீச்சர் கீபோர்டு மேல் இருந்த தூசியை விரலால் எடுத்துப் பார்த்தார்.

"இன்னிக்குப் பொய். நாளைக்கு அந்த ஃபேன் நெசமாவே நின்னா?"

"சொல்லாது."

"எங்க இருக்கு அந்த ஆபீஸ்?"

அவ்வளவுதான் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் போதும். வேறு யாராவதாக இருந்தால் டீச்சர் கேட்டதை மறந்திருப்பார்கள். எனக்கு அன்று மதியச் சோறு இறங்கவில்லை. மூன்று வயர் ஃபேன் ஒன்று தேடிப்பிடித்து மாட்டினேன். ஃபிளாப்பியை இல்லை என்று செட்டிங்கில் எழுதினேன். ஃபேன் எரரை மட்டும் விட்டுவைத்தேன், அதற்குப் பிறகு கைவைத்த மெஷினில் எல்லாம் அப்படித்தான். ஃபேன் நின்றால் மெஷினும் நிற்கும். நிற்காதவரை வாயைத் திறக்காது.

கொண்டுபோய் வைத்தேன். போட்டதும் நேராக உள்ளே போனது. முதலாளி தோளில் தட்டினார். மறுநாள் காலையில் போன். எல்லாரும் மறுபடியும் தண்ணீர்த் தொட்டி பக்கம் நிற்கிறார்களாம்.

போய்ப் பார்த்தால், ஃபிளாப்பி இல்லை என்று பழைய பாட்டையே பாடுகிறது, கூடவே தேதி தெரியவில்லை என்று புதிதாக ஒன்று. நான் மாட்டிய ஜம்பரும் ஃபேனும் அப்படியே இருந்தன. எழுதிவைத்த செட்டிங் மட்டும் அழிந்துபோயிருந்தது. கடையில் ஒரு நாள் முழுக்கப் போட்டுப் போட்டுப் பார்த்தேனே என்று ஆபீஸ் போனில் டீச்சரிடம் புலம்பினேன்.

"அங்கன சாயங்காலம் போகும்போது மெயினை இறக்கிருவாகளா?" என்றார் டீச்சர்.

இறக்குவார்கள். சாயங்காலம் மட்டுமில்லை, வானம் இடித்தாலே இறக்குவார்கள். பட்டாசுக் கம்பெனி எல்லாவற்றிலும் அதுதான் வழக்கம். விருதுநகரில் யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்குவதில்லை. சுவர் கரண்டு ஓடிக்கொண்டிருக்கும்வரை போர்டுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். கரண்டே இல்லாமல் போனால், போர்டில் இருக்கும் காசு மாதிரியான சின்ன பேட்டரிதான் ஞாபகத்தைத் தாங்க வேண்டும். அது ஓய்ந்துபோன பேட்டரி, பஸ்ஸில் வந்த கொஞ்ச நேரத்துக்குத் தாங்கியது, ஒரு ராத்திரி முழுக்கத் தாங்கவில்லை. கடையில் கண்டுபிடிக்கவே முடியாத கோளாறு, அந்த ஊர் வழக்கத்தில் முதல் நாளே வெளியே வந்துவிட்டது. புதுப் பேட்டரி போட்டேன். அன்று சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்து, மெயினை இறக்கச் சொல்லி, ஏற்றச் சொல்லி, மறுபடி இறக்கச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் வாட்ச்மேனே, "போதும் பாய், ஸ்விட்ச் தேஞ்சுபோகும்," என்றார்.

கிளம்பும்போது காளீஸ்வரியிடம் சொன்னேன். "இனிமே இது சும்மா சும்மா பேசாது. ஃபேன் நின்னா மட்டும் சொல்லும்."

"சொன்னா நான் என்ன செய்யணும்?"

"இம்புட்டு நாளும் என்ன செஞ்சீகளோ அதையே செய்யுங்க."

மச்சினன் சிரித்தார். "கம்ப்யூட்டர் என்ன அணுகுண்டா பாய்?"

"அணுகுண்டு எனக்குப் பழக்கந்தான்," என்றார் காளீஸ்வரி. "இதுதான் பழக்கமில்ல."

இரண்டு மாதம் போன் வரவில்லை. போன் வராததும் எனக்குக் கவலைதான். சீசன் வந்தது. தீபாவளிக்கு முந்தின நாட்களில் அந்தப் பக்கம் எந்நேரமும் லாரிகள் நிற்கும். ஒரு மத்தியானம் நல்ல மழை. மூன்று மணி போல முதலாளியே போனில் வந்தார்.

"பாய், உடனே வாங்க. வடக்கே போற லோடு நிக்குது. பில் போட முடியல. உங்க எரர் வந்திருச்சு."

என் எரர் என்றார். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஒருத்தரை வண்டியில் கொண்டுபோய் விடச்சொன்னேன். வழியெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டே போனேன், புகை ஏதும் தெரிகிறதா என்று.

புகை இல்லை. தண்ணீர்த் தொட்டி பக்கம் எல்லாரும் நின்றார்கள். லாரி டிரைவரும் நின்றார். இடி நின்று மெயினை ஏற்றியதும் காளீஸ்வரி கம்ப்யூட்டரைப் போட்டிருக்கிறார். ஃபேன் என்று எழுத்து வந்ததும் எழுந்துவிட்டார். மச்சினன் எஃப் ஒன்னை அமுக்கு, போய்விடும் என்றிருக்கிறார். அவர் அமுக்கவில்லை. நானே அமுக்குகிறேன் என்று மச்சினன் உட்காரப்போக, இவர் மெயினை இறக்கி, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். நான் போகும்போதும் அது அவர் கையில்தான் இருந்தது.

"குடும்மா, பாய் வந்துட்டாருல்ல," என்றார் முதலாளி.

"அவர் கழட்டிப் பாக்கட்டும், தாரேன்."

"அத்தான், நான் சொல்லலாமா?" என்றார் மச்சினன். "மெட்ராஸ்ல இந்த எரர் வந்தா ஆபீஸ்ல எவனும் தலையைக்கூடத் தூக்க மாட்டான். இந்த லோடு இன்னிக்குப் போகலேன்னா அந்த ஆர்டரே போயிரும். நான் சொன்ன ஆளைப் போட்டிருந்தா இந்நேரம் லாரி சாத்தூரைத் தாண்டியிருக்கும்."

முதலாளி ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். அதைக் காளீஸ்வரியும் பார்த்தார்.

கேபினெட்டை வெளியே எடுத்துவந்து தொட்டித் திண்டின் மேல் வைத்துக் கழற்றினேன். ஃபேனில் ஒரு பல்லி. மழைக்கு ஒதுங்கிச் சூடாக இருக்கிறதே என்று உள்ளே போயிருக்கிறது. இறக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவில் சிக்கிச் செத்திருந்தது. ஃபேன் அசையவே இல்லை. இந்தத் தடவை நிஜத்தைத்தான் சொல்லியிருக்கிறது.

"பல்லியா?" என்றார் மச்சினன். "ஒரு பல்லிக்காகவா லோடு நிக்குது?"

முதலாளி என்னைப் பார்த்தார். "பாய், நெசத்தைச் சொல்லுங்க. எஃப் ஒன்னை அமுக்கிட்டு வேலையைப் பாத்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காளீஸ்வரி மட்டும் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றும் ஆகியிருக்காது என்றால் நாளைக் காலையில் அவர் மருந்து ரூமில் இருப்பார். தீப்பிடித்திருக்கும் என்றால் வேலை நிலைக்கும். ஆனால் அந்த இடத்தில் தீயைப் பற்றிப் பொய் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. யாருக்குமே இருக்கக்கூடாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பெரும்பாலும் சூடேறி மெஷின் தானாக நின்றிருக்கும். ஆனால் அது எத்தனையோ வருடம் யாரோ ஓட்டித் தேய்த்த மெஷின். உள்ளே எந்த வயர் எப்படி இருக்கிறது என்று நான் சத்தியம் செய்ய முடியாது.

"தெரியல முதலாளி," என்றேன். "சூடாகித் தானா நின்னிருக்கலாம். நிக்காமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது."

மச்சினன் உதட்டைப் பிதுக்கினார். முதலாளி காளீஸ்வரி பக்கம் திரும்பினார்.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதான் எந்திரிச்சேன்."

"ஏலே, ஒனக்கு?"

"எனக்குத் தெரியும் அத்தான். ஒண்ணும் ஆகாது."

முதலாளி உள்வேலிக்கு அந்தப்பக்கம் பார்த்தார். அங்கே வரிசையில் ஒரு ரூம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தளம் மட்டும் இருந்தது. நான் அதை அதுவரை கவனித்ததில்லை.

"தெரியும், ஒண்ணும் ஆகாதுன்னு சொன்ன ஆளுகளை எல்லாம் நான் பாத்திருக்கேன்," என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. பிறகு லாரி டிரைவரிடம் திரும்பி, "டீ குடிச்சுட்டு வாங்க, நேரமாகும்," என்றார். என்னிடம், "பாய், ஃபேனை மாத்துங்க. சும்மா துடைச்சு மாட்டிறாதீக," என்றார். டிகிரி முடித்த ஆளைப் பற்றி அதன் பிறகு ஒரு பேச்சும் இல்லை.

பையில் கூடுதலாக ஒரு ஃபேன் வைத்திருந்தேன். எப்போதும் வைத்திருப்பேன். மாட்டி முடித்து, மேசையில் வைத்து, வயரை எல்லாம் கோத்துவிட்டு வெளியே வந்தேன். காளீஸ்வரி உள்ளே போய்க் கையில் இருந்த ஃபியூஸ் கட்டையைச் சொருகி, மெயினை ஏற்றினார். மச்சினன் கூடவே போகக் காலை எடுத்தார்.

"நீ நில்லு," என்றார் முதலாளி. "அவ பாத்துச் சொல்லட்டும்."

நாங்கள் எல்லாரும் ஈரத் தரையில் நின்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. அவர் உட்காரவில்லை, நின்றபடியே திரையைக் கடைசி எழுத்துவரை பார்த்தார். அதன் பிறகு வாசலுக்கு வந்து தலையை நீட்டினார்.

"வாங்க. ஒண்ணும் சொல்லல."

யாரும் உடனே நகரவில்லை. டீ குடித்துவிட்டு வந்திருந்த டிரைவர்தான் முதலில் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பில் வாங்க உள்ளே போனார்.